பேரம் பேசாத ஆள்

போனை ஆஃப் பண்ணிட்டீங்கல்ல அண்ணே? சைலன்ட் இல்ல, ஆஃப். ம், அப்படி. தப்பா எடுத்துக்காதீங்க, நடுவுல யாராவது கூப்பிட்டா எனக்குப் பேச்சு அறுந்துடும். மறுபடி ஆரம்பிக்க தைரியம் வராது. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. கதவு சாத்தியே இருக்கட்டும். கீழ டயர் கிடங்கு, தூசி பூரா மேல ஏறிடும்.

உடம்பெல்லாம் எப்படி இருக்கு? சுகர், பிரஷர் ஏதாவது? ஒண்ணும் இல்லையா. நெஞ்சு வலி, ஆபரேஷன், அந்த மாதிரி? சரி சரி. சும்மாதான் கேட்டேன். இந்த வயசுல ஒரு மாத்திரை இல்லாம இருக்கறது குடுத்து வெச்சவங்களுக்குத்தான் நடக்கும். எனக்கெல்லாம் சாப்பாடு பாதி, மாத்திரை பாதி.

காசா? முதல்ல அதை உள்ள வைங்க. நேத்து போன்ல, உங்க கம்பெனி விஷயம், நேர்ல வாங்க, தனியா வாங்கன்னு சொன்னதும் எவனோ மிரட்டிக் காசு பறிக்கப் பாக்கறான்னு நினைச்சிருப்பீங்க. நியாயம்தான். நானா இருந்தா வந்தே இருக்க மாட்டேன்.

என் தொழில் என்னன்னு சொல்லிடறேன், அப்பதான் மத்தது புரியும். வெப்சைட்டுக்கு ஒரு பேரு இருக்குல்ல, டொமைன்னு சொல்வாங்க. உங்க லாரி கம்பெனிக்குக் கூட ஒண்ணு இருக்கே. யாரு முதல்ல பதியறாங்களோ அவங்களுக்குத்தான் அந்தப் பேரு. வருஷா வருஷம் ஒரு சின்னக் கட்டணம் கட்டினா போதும். நான் நல்ல பேரா பாத்து முன்னாடியே பிடிச்சு வெச்சுக்குவேன். பின்னாடி அது வேணும்னு ஒருத்தன் வருவான்ல, அவனுக்கு விப்பேன். மனை வாங்கிப் போடற மாதிரிதான். என்ன, இதுல வேலி போட வேணாம், பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வர மாட்டான். எங்கிட்ட நிறையல்லாம் இல்ல. கொஞ்சம்தான், அத்தனையும் பொறுக்கி எடுத்தது. சில பேரு மூட்டை மூட்டையா வாங்கிக் குவிச்சுட்டு, வித்துப் போகாம வருஷா வருஷம் கட்டணம் கட்டியே ஓட்டாண்டி ஆவாங்க.

எங்க வீட்டம்மாவுக்கு இது இன்னும் புரியல. காத்தை வாங்கி காத்தை விக்கற ஆளுக்கு வாக்கப்பட்டேனேன்னு தங்கச்சிகிட்டப் புலம்புவா. மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுனது அந்தக் காத்துதான்னு நான் சொல்லிக் காட்டறதில்ல.

எந்தப் பேரு விலை போகும்னு எப்படித் தெரியும்னு கேக்கறீங்க. அதான் சூட்சுமம். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. நான் ஒரு சின்ன வெப்சைட் நடத்தறேன், இலவசம். மனசுல இருக்கற பேரை அதுல அடிச்சா, அது காலியா இருக்கா, யாராவது எடுத்துட்டாங்களான்னு சொல்லும். அவ்ளோதான். ஜனங்க அடிக்கறதெல்லாம் இந்தப் பக்கம் எனக்குத் தெரியும். நல்ல பேருன்னா, அவங்க வீட்ல கலந்து பேசித் திரும்பி வர்றதுக்குள்ள நான் எடுத்துடுவேன். வந்து பாத்தா, விற்பனைக்கு, இந்த நம்பரைக் கூப்பிடவும்னு என் நம்பர் இருக்கும். முகத்தைச் சுளிக்காதீங்க அண்ணே. நல்ல தொழில்னு நான் சொல்லவே இல்லையே.

ஆனா இதுல ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். மனுஷன் ஒரு விஷயத்தை முடிவு பண்ணினதும் பொண்டாட்டிகிட்ட சொல்ல மாட்டான், கூடப் பொறந்தவன்கிட்ட சொல்ல மாட்டான். ஆனா என் வெப்சைட்டுல அடிச்சுப் பாத்துடுவான். யாரு பாக்கப் போறாங்கன்னு ஒரு நம்பிக்கை. ஒரு கடையை ரெண்டு பேர் கூட்டா நடத்தினாங்க. அதுல ஒருத்தர் தன் பேரை மட்டும் போட்டுப் புதுக் கடைக்குத் தேடறாரு. கூட்டாளி அன்னிக்கும் அவரோட ஒண்ணா உக்காந்துதான் சாப்பிட்டிருப்பாரு, பாவம். இன்னொரு பொண்ணு, கல்யாணம் நிச்சயம் ஆன பொண்ணு, தன் பேரையும் மாப்பிள்ளை பேரையும் சேத்து அடிச்சா. அழகா இருந்துச்சு, வாங்கி வெச்சேன். கொஞ்ச நாள் கழிச்சு அதே பொண்ணு மறுபடி அடிக்குது. தன் பேரு அதேதான், மாப்பிள்ளை பேரு மட்டும் வேற. மாப்பிள்ளைக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும், எனக்குத்தான் முதல் நஷ்டமும்.

சிரிக்கறீங்க. சிரிங்க. நானும் அப்படித்தான் சிரிச்சுட்டு இருந்தேன்.

உங்க பேரும் அதுலதான் வந்துச்சு அண்ணே. உங்க முழுப் பேரு, அதோட நினைவு அறக்கட்டளைன்னு சேத்து. ஆமா, நினைவு. சரியாத்தான் படிச்சேன். அதே பேருல வேற யாராவது தவறியிருப்பாங்கன்னுதான் நானும் முதல்ல நினைச்சேன். ஆனா அந்தக் கையோட உங்க லாரி கம்பெனி பேரையும் சேத்து இன்னொரு தடவை அடிச்சிருந்தாங்க. ஒரே ஆளு, எழுந்திரிக்காம.

வாங்கிட்டேன். ஏன் வாங்கினேன்னா, வியாபாரி புத்தி. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னு சொல்வாங்கள்ல. பெரிய மனுஷன் தவறிட்டாரு, குடும்பம் அவர் பேருல தர்மம் பண்ணப் போகுது, கேட்ட விலை கிடைக்கும்னு நினைச்சேன். கூசாம நினைச்சேன்.

மறுநாளே போன் வந்துச்சு. ஆம்பளைக் குரல், மரியாதையான பேச்சு. நான் எப்பவும் எடுத்ததும் வாய்க்கு வந்த விலையைச் சொல்வேன், அப்புறம் இறங்கி வருவேன். அதான் முறை. இந்தத் தொழில்ல பேரம் பேசாத ஆளே கிடையாது. அதுலயும் செத்தவங்க பேருன்னா ரொம்பப் பேசுவாங்க, துக்கத்துல இருக்கோம், பாத்துப் பண்ணுங்கன்னு அழுவாங்க. இந்த ஆளு நான் சொன்ன விலைக்கே சரின்னுட்டாரு. அடுத்த மாசக் கடைசியில கைக்கு வந்தா போதும், அதுவரைக்கும் வெளிய தெரிய வேணாம்னாரு. அங்கதான் எனக்கு இடிச்சுது.

ஒரு மரியாதைக்கு, ஐயா எப்ப தவறினாருன்னு கேட்டேன்.   அதுக்குச் சொன்னாரு, இன்னும் இல்ல, ரொம்ப முடியாம இருக்காரு, டாக்டர் கை விரிச்சுட்டாருன்னு.

நம்பினேன். நம்பிட்டு, சும்மா ஒரு ஆசைக்கு உங்க ஃபோட்டோவைத் தேடினேன். அதே வாரம் எடுத்தது, கம்பெனி ஆளுங்களோட பூப்பந்து விளையாடறீங்க. டாக்டர் கை விரிச்ச ஆளு அவ்ளோ உயரம் எகிறி அடிப்பாரா?

போலீஸா? போய் என்னன்னு சொல்றது? ஒருத்தன் ஒரு பேரைத் தேடினான்னா? அது குத்தமா என்ன? நீ எப்படிப் பாத்தேன்னு என்னைத்தான் முதல்ல உக்கார வெப்பாங்க. மடியில கனம் இருக்கறவன் நான். அதான் உங்களை நேரா வரச் சொன்னேன். போன்ல சொன்னா பைத்தியக்காரன்னு போனை வெச்சிருப்பீங்க.

இல்ல, விக்கல. இன்னும் இழுத்துட்டுத்தான் இருக்கேன்.

இதான் அவர் கூப்பிட்ட நம்பர். கண்ணாடி போட்டுக்கோங்க. கம்பெனி நம்பரா? கம்பெனியில யாருக்குக் குடுத்தது?

உங்க வீட்டம்மாவோட தம்பியா.

தண்ணி குடிங்க.  அவருக்கு நீங்கதான் படிப்புச் செலவு பண்ணீங்களா. கணக்கு வழக்கு எல்லாமே அவர்தானா. என் சந்தேகம் பொய்யாப் போகணும்னு நீங்க வர்ற வரைக்கும் வேண்டிக்கிட்டுத்தான் இருந்தேன். காசு பறிக்கறவன்னு திட்டிட்டு எழுந்து போயிருந்தீங்கன்னா கூட சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. இங்க வர்றதை யார்கிட்டயாவது சொன்னீங்களா? அவர்கிட்டயா. என்னன்னு? ஏரியைத் தாண்டி ஒரு ஆளைப் பாக்கணும்னா. பேரு சொல்லலையே? நல்லவேளை. அதுக்கு அவர் என்ன சொன்னாரு? அந்த ரோட்டுல நீங்க தனியா போக வேணாம் மாமா, வண்டியை நானே ஓட்டறேன்னாரா.

கீழ நிக்கற வண்டியில இருக்கறது அவர்தானா.

ஜன்னல் பக்கம் போகாதீங்க. உக்காருங்க அண்ணே, சொன்னாக் கேளுங்க. தப்பு என்னோடதுதான். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பள்ளம், வழியில ஈ காக்கா கிடையாது, இப்படி ஒரு ரோட்டுக்கு உங்களை வர வெச்சது நான்தான். இல்ல, இப்பக் கிளம்ப வேணாம், இருட்டறதுக்குள்ள போயிடலாம்ங்கற பேச்சே வேணாம். காலையில அவர் எனக்கு மறுபடி போன் பண்ணாரு, ஏன்னு எனக்கு அப்பப் புரியல. ஐயாவுக்கு அடுத்த மாசம் வரைக்கும் தாங்காதாம். பேரு இன்னிக்கு ராத்திரிக்குள்ள வேணுமாம்.