சின்னையா கையில் இருந்த கத்தி

கிள்ளான், 1926ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் 12ஆம் தேதி, வியாழக்கிழமை. பாக்காவ் முனை முகாமில் கூலி சின்னையா சுடப்பட்டு இறந்தது பற்றிய மரண விசாரணையில், சத்தியம் செய்துகொண்ட சாட்சி சொல்லியபடி தமிழில் எழுதப்பட்டது.

என் பெயர் பக்கிரிசாமி. தகப்பனார் பெயர் வேலாயுதம். வயது நாற்பத்தாறு இருக்கும். முன்பு பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். நான்கு வருடமாக, கப்பலில் வரும் கூலிகளை அம்மை பார்த்து ஏழு நாள் நிறுத்திவைக்கும் பாக்காவ் முனை முகாமில் சமையற்காரனாக இருக்கிறேன். குடியிருப்பதும் அங்கேதான், அடுப்படிக்குப் பின்னால் உள்ள அறையில்.

இந்தச் சாவைப் பற்றி 4ஆம் தேதியே நான் ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்திருக்கிறேன். அதில் இருப்பது பொய். பொய்க் காகிதத்தில் கைநாட்டு வைத்தவனுக்குத் தண்டனை உண்டு என்று விசாரிக்கும் மாஜிஸ்திரேட் ஐயா சொன்னது எனக்கு விளங்கியது. தெரிந்துதான் வந்திருக்கிறேன். யாரும் என்னை அனுப்பவில்லை.

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. அடுப்படியில் மூன்று கத்திகள் உண்டு. கூடச் சமைக்கும் கன்னையா உள்பட எவனும் மாற்றிவைத்துவிடக் கூடாது என்று மூன்றின் கைப்பிடியிலும் கம்பியைக் காய்ச்சிச் சூடு போட்டு வைத்திருக்கிறேன். காய் நறுக்கும் பெரிய கத்திக்கு மூன்று சூடு. முகாம் பெரிய துரையே வந்து கேட்டாலும் எதற்கு என்று கேட்காமல் கத்தியைக் கையைவிட்டுக் கொடுக்க மாட்டேன். இதற்காக என்னைக் கேலி பேசுவார்கள்.

இம்மாதம் 3ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை சுமார் ஏழு மணிக்குச் சின்னையா அடுப்படி வாசலுக்கு வந்தார். அவரும் அவர் சம்சாரம் மாரியாயியும் கப்பலில் வந்து அன்று நான்காம் நாள். பழைய பால் டின் ஒன்று கேட்டார். எதற்கு என்று கேட்டேன். "வெளிக்குப் போகணும் அண்ணே, தண்ணி மொண்டுக்க" என்றார். டின்னைக் கொண்டுபோய் வேறு எதற்காவது வைத்துக்கொள்வாரோ என்று சந்தேகப்பட்டு, திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் தண்ணீர் எடுத்துக்கொண்டு முள்கம்பி தளர்ந்திருக்கும் இடத்தில் குனிந்து அலையாத்திக் காட்டுப் பக்கம் போனார். முகாம் கக்கூசில் பத்து வாளிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள், நடுவில் மறைப்புக் கிடையாது. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் ஒருவர் எதிரில் ஒருவர் உட்காரக் கூசி எல்லோரும் அந்த வழியாகத்தான் போவார்கள். நான்கு வருடமாகப் பார்க்கிறேன், காவல்காரர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதற்கு முந்தின வாரம் இரண்டு பேர் முகாமிலிருந்து ஓடிப்போனதால், இனிக் கம்பியைத் தாண்டுகிறவனைச் சுடலாம் என்று உத்தரவு வந்திருந்ததாம். அதைத் தமிழில் எல்லோரையும் கூட்டிச் சொல்ல வேண்டியது முகாம் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ரெங்கசாமியின் வேலை. அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுப்படியில் இருக்கிற எனக்கும் கேட்டிருக்கும். எனக்கே சுட்ட பிறகுதான் தெரியும்.

அதன் பிறகு நான் ஜன்னல் ஓரமாக நின்று அந்தப் பெரிய கத்தியால் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஆங்கிலத்தில் ஒரு சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தேன். சின்னையா திரும்பி வந்து கம்பிக்கு உள்ளே கால் வைத்திருந்தார். அவருக்கு எதிரில் பத்தடித் தூரத்தில், பெரிய துரைக்கு அடுத்தவரான சின்னத் துரை கைத்துப்பாக்கியோடு நின்றார். எனக்கும் அவர்களுக்கும் நாற்பது அடி இருக்கும், நடுவில் மரமோ சுவரோ இல்லை. அந்தத் துரை இந்த நாட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

சின்னையா நின்றார். டின்னைக் கீழே வைத்தார். தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனார். துரை முன்னால் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்போம். முழங்கால் தெரிய மடித்துக் கட்டிக்கொண்டு துரை எதிரில் நின்றால் தோட்டத்தில் பிரம்படி கிடைக்கும். அது மரியாதை. கை இடுப்புக்குப் போனதும் துரை சுட்டார். ஒரே வெடி. சின்னையா அப்படியே உட்கார்ந்து பக்கவாட்டில் சாய்ந்தார்.

துரை இடத்தைவிட்டு அசையவில்லை. கிராணி ரெங்கசாமி ஆபீசிலிருந்து ஓடிவந்து துரையிடம் ஏதோ பேசினார், எனக்குக் கேட்கவில்லை. அதன் பிறகு அடுப்படிக்கு ஓடிவந்து, "பக்கிரி, கத்தியக் குடுய்யா, துணிய அறுத்துக் கட்டுப் போடணும், சீக்கிரம்" என்றார். என் கையில் இருந்ததைக் கொடுத்தேன். எவனையும் நம்பாத நான் அன்றைக்குக் கேள்வி கேட்கவில்லை. ஒரு ஆள் அடிபட்டுக் கிடக்கிறார் என்பதுதான் புத்தியில் இருந்தது. "நீ வராத, அடுப்பப் பாரு" என்று சொல்லிவிட்டு ஓடினார். நான் அடுப்படியிலேயே இருந்துவிட்டேன்.

காயத்துக்கு மருந்து போடும் டிரெஸ்ஸர் வர அரை மணி நேரம் ஆயிற்று. அவர் வந்த பிறகுதான் மற்றவர்களோடு நானும் போனேன். சின்னையா இறந்திருந்தார். எந்தத் துணியும் அறுக்கப்படவில்லை, கட்டும் போடவில்லை. அவருடைய வலது கையில் என் கத்தி இருந்தது. பரங்கிக்காய் நார் அதில் ஒட்டிக் காய்ந்திருந்தது.

கிராணியைத் தனியாக இழுத்துக் கேட்டேன். "வாய மூடு. கத்தி ஒன்னோடது. நீதான் அவன்கிட்டக் குடுத்தேன்னு எழுதினா நீயும் உள்ள போவ. காலையில திருடிட்டான்னு சொல்லு, ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்" என்றார். மறுநாள் ஆங்கிலத்தில் எழுதிய காகிதத்தைக் கொண்டுவந்தார். சின்னையா கத்தியைத் திருடினார் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். வாசித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. பயந்துபோய்க் கைநாட்டு வைத்தேன்.

மாரியாயியைப் பெண்கள் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். புருஷன் துரையைக் குத்தப் போனான் என்று அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரே கப்பலில் வந்த பெண்களே, ஏழு நாள் முடிந்து தோட்டங்களுக்குப் போகும்வரை பக்கத்தில் உட்காரவில்லை. வருகிற திங்கட்கிழமைக் கப்பலில், இந்தப் பழியோடு ஊருக்குத் திருப்பி அனுப்பப்போகிறார்கள். 8ஆம் தேதி சோறு போடும்போது அந்த அம்மாள் என்னிடம், "அண்ணே, எங்க வூட்டுக்காரருக்கு ஏது கத்தி?" என்று கேட்டது. நான் ஒரு அகப்பை சோறு கூடப் போட்டேன். அந்த அம்மாள் தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. நேற்று முகாமில் சொல்லாமல் நடந்தே கிள்ளானுக்கு வந்தேன்.

கேள்விக்குப் பதில்: இப்போது காட்டப்படும் கத்தி என் கத்திதான். கைப்பிடியில் மூன்று சூடு இருக்கிறது. வெடிச் சத்தம் கேட்டபோது இது என் கையில் இருந்தது.

கேள்விக்குப் பதில்: கிராணிக்கும் எனக்கும் விரோதம் உண்டு. சீனி குறைகிறது என்று அவர் என் மேல் எழுதினார், அவர்தான் எடுக்கிறார் என்று நான் சொன்னேன். விரோதம் இருப்பதால் கத்தி கை மாறிவிடாது.

கேள்விக்குப் பதில்: கிராணி தானாகக் கத்தி கேட்டாரா, துரை சொல்லிக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேர் மேலும் எனக்குச் சந்தேகம். சந்தேகம் சாட்சியம் ஆகாது, எழுத வேண்டாம் என்று ஐயா சொல்கிறார். நான் சந்தேகப்பட்டேன் என்பது உண்மை, அதையாவது எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

இதுவரை எழுதியதைக் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் தமிழில் வாசித்தார். போன தடவை கேட்காமல் கைநாட்டு வைத்ததால் இந்தத் தடவை இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். கைநாட்டு வைப்பதற்கு முன், விசாரணைக்காக முகாமிலிருந்து கொண்டுவந்து வெளியே காவலில் உட்காரவைத்திருக்கும் மாரியாயியை உள்ளே கூப்பிட்டு அந்த அம்மாளுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். ஐயா அனுமதித்தார். அந்த அம்மாள் நின்றுகொண்டே கேட்டது, அழவில்லை. வாசித்து முடிந்ததும் என்னைப் பார்த்து, "நீங்க கத்தியக் குடுத்தப்ப அவருக்கு உசுரு இருந்துச்சா?" என்று கேட்டது.

இருந்தது என்று சொன்னேன். கிராணி போன பிறகும் வெகு நேரம் இருந்தது. தண்ணீர் தண்ணீர் என்று அவர் கேட்டது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. அடுப்பைப் பார் என்று சொன்னதால் நான் போகவில்லை. இதை நான் முன்னால் சொல்லாமல் மறைத்துவிட்டேன், இதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

முதலில் சொன்னதும் கடைசியில் சேர்த்ததும் என் வாயால் சொன்னவை, கண்ணால் கண்டவை, நான் செய்தவை. இனி மறைத்தது ஒன்றும் இல்லை.

பக்கிரிசாமி, இடது கைப் பெருவிரல் ரேகை.