குதிகாலைப் பிடித்த கை

விளக்கைச் சின்னதாக்கு... இன்னும் கொஞ்சம். சரி, எல்லாரும் கிட்ட வந்து உக்காருங்க.

நாப்பத்திரெண்டாம் வருசம், சித்திரை மாசம். விடியக்காலம் அஞ்சு மணி. லஸ் சர்ச் ரோடு. ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு பாதிப் பட்டணம் காலி. தெருவிளக்குக்கெல்லாம் கறுப்பு மூடி. ஒரு நாய்கூடக் குலைக்கல. அந்த ரோட்ல ஒருத்தி மட்டும் நடந்து போறா... நம்ம கோதண்டபாணியோட அக்கா, பாஞ்சாலி.

சினிமாவுல கும்பலோட கும்பலா ஆடிக்கினு இருந்தவ. ஒரு படத்துல, கால்விரல் நுனியில நின்னு ஆடுவாங்களே, வெள்ளைக்காரங்க பாலே, அது வேணும்னாங்க. ஆடினா தனி வேஷம். இல்லேன்னா பம்பாய்லேருந்து வேற ஆள்.

அதுக்காக அவளும் சிநேகிதி குல்சுமும் ஒரு பங்களா ஹால்ல வெள்ளைக்கார மேடம்கிட்ட கத்துக்கினு இருந்தாங்க. நுனி கெட்டியா இருக்கிற ஷூவை மேடம் லேசுல குடுக்கல. மாசக்கணக்கா வெறுங்கால்தான். சுவத்துல அடிச்ச கட்டையைப் பிடிச்சுக்கினு, முட்டி மடங்காம குதிகாலைத் தூக்கணும்... அதைவிட மெதுவா எறக்கணும். கணுக்கால் வெளிப்பக்கம் சாயக்கூடாது. ஒருத்தி ஏறுறப்ப இன்னொருத்தி பின்னால மண்டி போட்டு குதிகாலைத் தாங்கணும்.

"ஷூ உன்னைத் தூக்காது. கால்ல பலம் வரட்டும்"னு மேடம் சொல்லிக்கினே இருப்பாங்களாம்.

குண்டு பயத்துல மேடம் ஊட்டிக்குப் போயிட்டாங்க. குல்சும் குடும்பத்தோட ஆம்பூர் போயிட்டா. ஹால் சாவியும் அந்த ஷூவும் பாஞ்சாலிகிட்ட. ஷூட்டிங் மட்டும் தள்ளிப்போகல.

அன்னிக்கு விடியக்காலம் அந்த ஹாலுக்குள்ள போயி தாப்பா போட்டா. மெழுகுவத்தி ஏத்தினா. ஷூவைக் கட்டிக்கினு சுவத்தைப் பாத்து நின்னா. ஏறினா. கணுக்கால் வெடவெடன்னு ஆடுது. கட்டைவிரல்ல உயிர் போவுது...

அப்பதான். பின்னாலேருந்து ஒரு கை... குதிகாலைத் தாங்கிப் பிடிச்சுது.

ஜில்லுன்னு. கிணத்து அடிச் சேறு மாதிரி ஒரு வாசனை.

"குல்சும்? எப்ப வந்தே?"

திரும்பினா விழுந்துடுவோம்னு திரும்பல. ஆனா வலி நின்னுபோச்சு. கால் மரத்துப்போச்சு. ஆடாம அசையாம நின்னா, கம்பம் மாதிரி.

மெதுவா எறங்கி, திரும்பிப் பாத்தா... யாரும் இல்ல. தாப்பா போட்டது போட்டபடி.

நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க? ஓடுவீங்க. அவ ஓடல. பயமே வரலையாம். மறுநாளும் போனா. சுவத்தைப் பாத்து நின்னு அவளே சொன்னாளாம்... "புடி."

பிடிச்சுது.

மரப்பு கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறிச்சு. கணுக்கால்... முட்டி... இடுப்பு. ஒருநாள் வீட்ல ஷூவைக் கழட்டினா, கால் நகம் ஷூவுக்குள்ளயே நின்னுடுச்சு. "ஐயையோ, ரத்தம்டி!"ன்னு அம்மா அலறினாங்க. இவ குனிஞ்சு பாத்துட்டு, "யாரோடதும்மா?"ன்னு கேட்டா.

ஷூட்டிங் நடந்துது. ஒரே டேக். செட்டே கைதட்டிச்சு. சந்தோசமா இருந்துதான்னு கோதண்டபாணி கேட்டான். "தெரியலடா"ன்னா.

அதுக்கப்புறம் அவ ஷூவைத் தொடல. ஹால் பக்கமும் போகல.

மழைக்காலத்துல குல்சும் திரும்பி வந்தா. பாஞ்சாலி எல்லாத்தையும் சொன்னா. அழல. குரல்கூட ஏறல. குல்சும் நம்பல.

"ரத்தம் ஓடாம மரத்துப் போயிருக்கும். நில்லு, தேச்சு விடறேன்."

உள்ளங்கையில தைலத்தை ஊத்திக்கினு பின்னால மண்டி போட்டா. பாஞ்சாலி வெறுங்காலோட சும்மா தரையில நிக்கறா. கோதண்டபாணி வாசக்கால்ல நின்னு பாத்துக்கினு இருக்கான். குல்சும் குதிகாலைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனா...

வெடுக்குனு இழுத்துக்கினா.

"பாஞ்சாலி... இங்க யாரோட விரலோ இருக்குடி."

பாஞ்சாலி ஜன்னலைப் பாத்துக்கினே சொன்னாளாம்.

"தெரியும். விடச் சொல்லிப் பாத்துட்டேன்."