பல் ஆஸ்பத்திரி மீன்தொட்டியில் நான் போட்ட மருந்து

பெயரும் தகப்பனார் பெயரும் மேலே போலீஸ் ஐயா எழுதியிருக்கிறார். நர்சும் நோயாளிகளும் என்னைக் கூப்பிடுவது 'மீன் மாமா'. வயது ஐம்பத்தெட்டு, பார்க்கிறவர்கள் யாரும் நாற்பத்தைந்துக்கு மேல் சொல்ல மாட்டார்கள். தங்கை புருஷனுடைய பல் ஆஸ்பத்திரிக்கு மேலே மாடி அறையில் குடியிருக்கிறேன். படிப்பு எட்டாவது, அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர வாத்தியார்களிடம் சரக்கு இல்லை.

நான் மீன்தொட்டியில் விஷம் வைத்ததாகவும், கேட்டபோது சட்டையைப் பிடித்ததாகவும் மாப்பிள்ளை கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்க, நான் சொல்வதாவது:

நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்குக் கண்ணாடித்தொட்டி இருக்கிறது. ஏஞ்சல், மோலி, நியான், கண்ணாடியை உறிஞ்சுகிற சக்கர் எல்லாம் அதில் சண்டையில்லாமல் குடியிருந்தன. அந்த வீட்டில் அப்படி இருந்தது அவை மட்டும்தான். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அத்தனையும் செத்து மிதந்தன. காரணம் தெரியவில்லை. மாப்பிள்ளைக்குப் பல்லைத் தவிர ஒன்றும் தெரியாது. தொட்டியையே தூக்கிப் போடச் சொன்னார். தங்கைதான், "நீ பாத்து மறுபடி மீன் விடுண்ணா, புள்ளைங்க ஊசிக்கு அழாம இருக்கிறதே அதாலதான்" என்றாள். வாலிபத்தில் நான் ஏரியில் இறங்கினால் மீன்கள் ஒதுங்கி வழிவிடும். பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதன் பிறகு தொட்டியைக் காலி செய்து, கூழாங்கல்லைச் சோப்பு படாமல் அலசி, குழாய்த் தண்ணீர் பிடித்து, அதிலுள்ள குளோரினை எடுக்கிற மருந்தை அளந்து ஊற்றி, காற்று மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் பழகட்டும் என்று பொறுத்திருந்தேன். அதன் பிறகு மோலிகளை மட்டும் வாங்கிவந்து, பையோடு மிதக்கவிட்டு, சூடு சமமானதும் அவிழ்த்துவிட்டேன். அவை தின்ற தீனிக்கு ராஜாக்கள் தோற்றார்கள். சில நாள் பார்த்துவிட்டு ஏஞ்சலும் நியானும் விட்டேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை எல்லாம் செத்துக் கிடந்தன. அறை நிறைய நோயாளிகள். மாப்பிள்ளை கையுறையோடு வந்து, "தண்ணியில என்னத்தப் போட்டீங்க?" என்றார். நான் மறைக்கிற ஆள் இல்லை. "மருந்து போட்டேன். நானேதான் போட்டேன். என்னை மாதிரி அளந்து போட வேற ஆள் பொறந்து வரணும்" என்றேன். கன்னம் வீங்கிய பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "மருந்து வச்சிட்டானாம்பா" என்று சொல்ல, அறை காலியாகிவிட்டது. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பல்வலி போனது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு தங்கை உள்ளேயிருந்து வந்து, "அண்ணா, நீ மருந்து போட்டியா?" என்று மட்டும் கேட்டாள். "பின்ன வேற யாரு?" என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எந்த மருந்தை நினைத்துக் கேட்டாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு, கல்யாண நாளிலிருந்து 'மச்சான்' என்று கூப்பிட்ட வாயால் மாப்பிள்ளை 'யோவ்' என்றார். "ஓசிச் சோறு தின்னுட்டு என் பொழப்புல விஷம் வைக்கிறியா? சனிக்கிழமை கரப்பானுக்கு நானுந்தான் மருந்து அடிச்சேன், யாருக்காவது ஒரு தும்மல் வந்துச்சா?" என்றார். எங்கே அடித்தீர்கள் என்று கேட்டேன். தொட்டியை ஒட்டிய பெஞ்சுக்கு அடியில் என்றார். காற்று மோட்டார் இருப்பது அங்கேதான். அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிற சாமான் அது. அங்கே அடித்தால் மீன் வாயிலேயே அடித்த மாதிரி. "போன மாசம் மீன் சாகறதுக்கு முன்னாடியும் அடிச்சீங்களா?" என்றேன். "வெளிய போய்யா" என்றார். சட்டையைப் பிடித்தேன் என்பது பொய். மோட்டாரைக் காட்ட அவரைக் கொஞ்சம் குனிய வைத்தேன். பித்தான் பலமில்லாத சட்டை. நான் பிடித்திருந்தால் அவர் பல்லை அவரே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இப்போது கரப்பான் மருந்தே அடிக்கவில்லை என்கிறாராம். கரப்பான்கள் சாட்சி சொல்ல உயிரோடு இல்லை.

தங்கை இன்னும் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மாடிப்படியில் வைத்துவிட்டுக் கூப்பிடாமல் போகிறாள். கதவைத் தட்டினாலும் திறப்பதில்லை.

மேலே கண்டது யாரும் மிரட்டாமல் என் வாயால் சொன்னது. ஐயா வாசித்துக் காட்டினார், சரியாக இருக்கிறது. மற்றதில் நான் கூட்டிச் சொன்னதை ஐயா குறைத்துக்கொள்ளலாம். மருந்து பற்றிச் சொன்னதில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. இதை என் தங்கைக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(கையொப்பம்)