சரி போட்ட பதினொரு நாள்

18-11-1964, புதன்.

பயிற்சி அட்டையில், அத்தா நடக்காத பதினொரு நாளுக்கும் நான் சரி போட்டேன். முதல் நாள் போட்டபோது சின்னத் தப்பு என்றுதான் நினைத்தேன். இன்று மத்தியானம், நான் வேலை பார்க்கும் தோல் கிடங்கிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு டிரங்க் கால் போட்டு, நடைப் பயிற்சி கொடுக்கும் ராயப்பராஜ் சாரிடம் பேசினேன். அவர் சொன்னதை எழுதினால் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்வதாக ஆகிவிடும். ஆகவே நான் பேசியதை மட்டும் எழுதுகிறேன்.

ஹலோ... ஹலோ, மதுரையா?... ஆமா, ஆமா, திண்டுக்கல்தான். ராயப்பராஜ் சாருங்களா?... சார், நான் சுக்கூர். அப்துல் ஜப்பார் மகன்... ஆமா சார், நடுக்குவாதம். தோல் கிடங்குல எண்ணிக்கை பாத்தவரு... அவரேதான்.

நல்லா... நல்லா இல்ல சார். முந்தாநாள் விழுந்துட்டாரு... இல்ல, இல்ல, எலும்பு முறியல. இடது மணிக்கட்டு வீங்கியிருக்கு, உதடு கிழிஞ்சிருக்கு... வீட்டுக்குள்ளதான். உள்ரூம் வாசல் நிலைகிட்ட வந்ததும் காலு தரையில ஒட்டுன மாதிரி நின்னுருச்சு. திரும்ப முயற்சி பண்ணாரு, அப்படியே சாஞ்சுட்டாரு...

கம்பா? கம்பு இல்ல சார். நீங்க அனுப்புன ரெண்டாவது அட்டையில கம்பை விட்டுட்டு நடக்கச் சொல்லியிருந்துச்சே... ஆமா... ஆமா, மொத அட்டை பதினஞ்சு நாளும் முடிஞ்சாத்தான் ரெண்டாவது. அதைத்தான் சார் சொல்ல வந்தேன்.

அது வந்து... மொத அட்டையில... ஹலோ?... கேக்கலையா?... இருங்க சார்.

நூர் பாய், செத்த நேரம் தோல் எண்ணுறதை நிறுத்துங்க. லைன்ல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.

சார், மொத அட்டையில நான் போட்டது பொய்... பொய் சார்... பொய்யி, பொய்யி. நாலு நாள்தான் நடந்தாரு. மிச்சம் பதினொரு நாளும் நடக்காமலே நான் சரி போட்டு அனுப்பிட்டேன்...

...இருக்கேன் சார்.

அவரு மாட்டேன்னு சொல்லல. கம்பை எடுத்துக்கிட்டு தயாரா நின்னாரு. நான்தான்... நீங்க சொன்னபடி தெருவுல கோடு போட்டேன் சார். அளந்து, இருபது கோடு. ஒவ்வொரு கோட்டையும் தாண்டும்போது சத்தமா எண்ணச் சொன்னீங்கள்ல. அவரு தோல் எண்ணுற மாதிரியே எண்ணுறாரு. ஒண்ணுன்னு சொல்ல மாட்டாரு, லாபம்னுதான் ஆரம்பிப்பாரு. "லாபம்ம், ரெண்டேய்"னு ராகம் இழுத்து... ஆமா சார், எண்ணும்போது நல்லா நடந்தாரு. காலு நிக்கவே இல்ல.

நான் டைப்ரைட்டிங் படிக்கிற இன்ஸ்டிட்யூட் அதே தெருவுல. சாயங்கால வகுப்புப் பசங்க வாசல்லயே நிப்பாங்க. நாலாம் நாள் நான் உள்ள போனதும், மூலை மிஷின்லருந்து ஒருத்தன் "லாபம்"னான். அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க... நானுமா?... ஆமா சார். நானும் சிரிச்சேன்.

வீட்டுக்கு வந்து அத்தாகிட்ட, சார் காயிதம் போட்டிருக்காரு, இனி வீட்டுக்குள்ள நடந்தாப் போதும், மனசுக்குள்ள எண்ணிக்கிட்டாப் போதும்னு சொல்லிட்டேன். உங்க பேரைச் சொல்லித்தான்... ஏழடிக் கூடத்துல எங்க சார் நடக்குறது? கட்டில்லயே உக்காந்திருந்தாரு.

அவருக்குத் தெரியாது சார். இன்னும் சொல்லல... அவரு என்ன சொல்றாருன்னா, சார் படிச்சவரு, அவர் சொன்னது சரியாத்தான் இருக்கும், எங்காலுதான் கெட்டுப்போச்சு, இனி அட்டையெல்லாம் வேணாம்ப்பான்றாரு. உதட்டுல மருந்து வைக்கும்போது என்னைப் பாத்து... மன்னிச்சுக்கன்னாரு சார். எங்கிட்ட.

...ம்... ம்.

எழுதிக்கிறேன். கம்பைத் திருப்பிக் குடுக்கணும். சரி. மொத அட்டை, மொத நாள்லருந்து. சரி... டாக்டர் பாத்துட்டாரு சார், கைக்குத்தான் கட்டு, நடக்கலாம்னுட்டாரு... நின்ன இடத்துல திரும்பக் கூடாது, மாட்டு வண்டி திரும்புற மாதிரி வளைஞ்சு வரணும். சரி. பக்கத்துலயே நான் வரணும். சரி, சரி.

நானா?... நானும் எண்ணணுமா?... மனசுக்குள்ள... இல்ல... ஆமா. ஆமா சார், சத்தமாத்தான்.

மூணு நிமிசம் ஆச்சா ஆபரேட்டரம்மா? இருங்க, ஒரே ஒரு வார்த்தை... சார், அவருகிட்ட இதை நான் எப்படி... ஹலோ?... ஹலோ?

லைன் போய்விட்டது. அத்தாவுக்குப் பிறகு எண்ணிக்கை பார்க்கிற நூர் பாய் ஒரு தோலைக் கையில் பிடித்தபடியே நின்றார். என்னைப் பார்க்கவில்லை. விட்ட இடம் மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

நாளை: காலையில் அத்தாவிடம் பதினொரு நாளையும் சொல்ல வேண்டும். மாலை ஐந்தரைக்கு, வகுப்புக்கு முன், இன்ஸ்டிட்யூட் தெருவில் சுண்ணாம்புக்கட்டியால் இருபது கோடு. கம்பு வலது கையில். முதல் கோட்டில் "லாபம்" என்று நான் சொல்ல வேண்டும்.