ஆமை இறங்கி வந்த நாள்

"மலை மேல ஒரு ஆளை மறந்து வெச்சிட்டு வந்துர முடியுமா?"

என்னோடு வேலை செய்யும் பட்டன் இப்படிக் கேட்டது ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில். யாருக்குமே சட்டென்று பதில் சொல்ல வராது எனக்கு. குடையை மறப்பார்கள், டப்பாவை மறப்பார்கள்... ஆளை எப்படி மறப்பது? விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மிச்சத்தை அன்று ராத்திரிதான் சொன்னாள்.

படிப்பை விட்டுவிட்டு நான் சேர்ந்த தையல் கூடம் அது. அன்று ராத்திரி கரண்ட் போய்விட்டது. விடிவதற்குள் ஆர்டர் போயாக வேண்டும், அதனால் வீட்டுக்கும் போக முடியாது. ஜெனரேட்டர் ரெண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. கட்டிங் மாஸ்டர் அதை ஓர் உதை உதைத்தார். அது அப்படியே இருந்தது, அவர்தான் நொண்டிக்கொண்டு வந்தார். துணி மூட்டைகளை இழுத்துப் போட்டு நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். மாஸ்டர், இஸ்திரி அக்கா, பட்டன், நான். நடுவில் அக்காவின் போன் வெளிச்சம். ஆறிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஈரத்துணி பொசுங்கிய வாசனை.

பட்டன் மெஷினில் உட்காருவதால் அவளுக்குப் பட்டன் என்று பெயர். அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை தினமும் வேலை முடியும் நேரத்துக்கு வாசலில் வந்து நின்று அழைத்துப் போவார்.

"உனக்கென்னடி, குடுத்து வெச்சவ," என்று இஸ்திரி அக்கா ஆரம்பித்தாள். "சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்து நிக்கிறாரு. எங்க வீட்டுக்காரரை வரச் சொன்னா மறுநாள் வந்து, எதுக்குக் கூப்பிட்டேன்னு கேப்பாரு."

"அதான்க்கா எனக்கு எரிச்சலே," என்றாள் பட்டன்.

"நேரத்துக்கு வர்றதுக்குக் கூடவா எரிச்சல்?" என்றார் மாஸ்டர்.

"அவரு நேரத்துக்கு வர்ற ஆளே இல்ல மாஸ்டர். தெருவுல எல்லாரும் அவரை ஆமைன்னுதான் கூப்பிடுவாங்க. பொண்ணு பிடிச்சிருக்கான்னு கேட்டதுக்கு ஒரு சொம்புத் தண்ணியையும் மெதுவாக் குடிச்சு முடிச்சிட்டு 'ம்'னாரு. அதுக்குள்ள எங்க அண்ணன் எழுந்து செருப்பே மாட்டிட்டான்."

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. சொல்ல ஆரம்பித்தாள்.

பட்டனின் அண்ணனும் ஆமையும் டவர் வேலைக்காரர்கள். எப்போதும் ஜோடியாகத்தான் ஏறுவார்கள். ஒரு விடிகாலை... நாலு மணி இருக்கும். மலையடிவாரத்து ரோடு. ஒரு வண்டி இல்லை, ஒரு நாய் இல்லை. பைக்கை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். எதிரெதிராக இரண்டு உச்சிகள். இரண்டுமே மொட்டைப் பாறை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு டவர், ஒரு டிஷ். இந்த டிஷ் அந்த டிஷ்ஷைப் பார்த்தபடி இருந்தால்தான் கீழே போன் பேசும். முந்தின நாள் காற்றில் இரண்டும் திரும்பிக்கொண்டுவிட்டன. ஊரில் ஒரு போன் வேலை செய்யவில்லை. சாயங்காலத்துக்குள் சரியாகவில்லை என்றால் இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று ஆபீசர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவர்கள் வேலையில் ஒரு முறை உண்டு. இரண்டு பேர் இடுப்புக்கும் ஒரே கயிறு. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, கால் தவறும். அதனால் ஒவ்வொரு வளைவிலும் நின்று "இருக்கியா?" என்று கேட்க வேண்டும். பின்னால் வருகிறவன் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பதில் வந்த பிறகுதான் அடுத்த காலை எடுத்து வைக்கலாம். இதை மட்டும் யாரும் மீற மாட்டார்கள்.

ஆமையோடு ஏறினால் இதுவே ஒரு தண்டனை. "இருக்கியா?" அண்ணன் ஒரு காலைத் தூக்கியபடி நிற்பான். காற்று அடிக்கும். பதில் வராது... வராது... கடைசியில், "இருக்கேன் மச்சான்."

"செத்துட்டியோன்னு நினைச்சேன் மாப்ளே."

"செத்தாலும் மெதுவாத்தான் சாவேன் மச்சான். உன்கிட்ட சொல்லாமயா?"

முதல் உச்சியைத் தொடும்போதே வெயில் ஏறிவிட்டது. இரும்புப் பிடிகளைப் பிடித்துப் பிடித்து அண்ணனின் உள்ளங்கை உரிந்திருந்தது. டிஷ்ஷை நிமிர்த்தி போல்ட்டை முடுக்கியாயிற்று. கிளம்ப வேண்டியதுதான். ஆமை உட்கார்ந்துவிட்டான். ஒயர் முனைகளுக்கு டேப் சுற்றுகிறான். துடைக்கிறான், சுற்றுகிறான், பிடிக்கவில்லை, பிரிக்கிறான், மறுபடி துடைக்கிறான். சுற்றி முடித்ததும் டேப்பின் நுனியை ஒரு மடிப்பு மடித்து விடுவான். அடுத்து வருகிறவன் நகத்தால் சுரண்டாமல் பிரிக்கட்டும் என்று.

"போலாம்டா."

"இந்த ஒரு முனை மச்சான். மழை பூந்துரும்."

"போலாம்டாங்கறேன்!"

"பாறை எங்க ஓடிரப் போவுது?"

அவ்வளவுதான். விடிந்ததிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அண்ணனுக்கு வாய்க்கு வந்துவிட்டது. கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினான். மறுமுனையை அவன் காலடியில் விட்டெறிந்தான். பையைத் தூக்கினான். "நீ இங்கயே கிடந்து டேப் சுத்து. வேகமா வர்ற ஒருத்தன் வந்தாப் போதும் எனக்கு."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டான்.

முதல் வளைவு. கேட்கவில்லை. இரண்டாவது வளைவு. கேட்கவில்லை. "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்." கயிறு பின்னால் பாறையில் சர்... சர்... என்று இழுபட்டுக்கொண்டே வந்தது.

இரண்டு மலைக்கும் நடுவில் ஒரு பள்ளம். அதைத் தாண்டும்போது அந்தச் சத்தம் நின்றது. கயிறு தரையிலிருந்து எழும்பியது. மறுமுனையில் ஆள். பின்னால் காலடிச் சத்தம். டக், டக், டக். அண்ணன் வைத்த இடத்திலேயே, வைத்த உடனேயே. ஆமை கட்டியிருந்தால் கயிறு எப்போதும் பின்னுக்கு இழுக்கும். அன்று இழுக்கவில்லை. தளரவும் இல்லை.

திட்டினால்தான் புத்தி வருகிறது என்று நினைத்துக்கொண்டானாம். கோபம் தீரவில்லை. அதனால் ஒரு வளைவிலும் கேட்கவில்லை.

இரண்டாவது உச்சி இன்னும் செங்குத்து. வழக்கமாக அதில்தான் அரைநாள் போகும். அன்று எப்படி ஏறினோம் என்றே தெரியவில்லை என்றானாம். மேலே போனதும் டிஷ்ஷுக்கு முன்னால் மண்டி போட்டு, திரும்பாமல் பின்னால் கையை நீட்டினான். எந்த ஸ்பேனர் என்று சொல்வதற்குள் சரியான ஸ்பேனர் உள்ளங்கையில். வெயிலில் கிடந்த பை அது. ஸ்பேனர் ஜில்லென்று இருந்தது.

"அட," என்றார் மாஸ்டர். "அப்புறம் என்ன குறை?"

"சும்மா இருங்க மாஸ்டர்," என்றாள் இஸ்திரி அக்கா. என் முழங்கையை அவள் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

டிஷ்ஷைத் திருப்புவதற்கு முன் எதிர் டிஷ் எங்கே பார்க்கிறது என்று பார்க்க வேண்டும். அண்ணன் பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தான். முதல் உச்சி. டவர். டிஷ்.

டிஷ்ஷுக்குப் பக்கத்தில் ஆமை.

அதே தொப்பி. காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்தான். நுனியை மடித்தான். பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தான். இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து எதையோ சொன்னான். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வாயசைவு தெரிந்தது. எத்தனையோ தடவை கேட்ட சொல்.

இருக்கேன்.

கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும். இருக்கேன். மறுபடியும்... யாரும் கேட்காத கேள்விக்கு.

அண்ணன் பைனாகுலரை இறக்கவில்லை. இறக்கினால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். பிடரிக்குப் பக்கத்தில் ஒரு வாசனை. சுட்ட பாறையில் முதல் தூறல் விழுந்தால் வருமே, அது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. 

"முடிஞ்சா இறங்கலாம்," என்றது பின்னால் ஒரு குரல். ஆமையின் குரல்தான். 'மச்சான்' மட்டும் இல்லை.

இங்கே பட்டன் நிறுத்தினாள். அவள் குரலில் பயம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அங்கயே திரும்பி நின்னு, இருக்கியான்னு... ஒரே வார்த்தை! கேக்கல. என்ன செஞ்சான் தெரியுமாக்கா? டிஷ்ஷைத் திருப்பினான். போல்ட்டை முடுக்கினான். சிக்னல் வந்துருச்சான்னு பாத்தான். இருட்டப் போவுதுன்னு, கூட இருந்த ஆளைக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கமா இறங்கிட்டான். ஆபீசர் தோளைத் தட்டிக் குடுத்தாராம். தட்டிக் குடுத்தாராம்!"

"வெயில்ல மண்டை காஞ்சிருக்கும்மா," என்றார் மாஸ்டர். அவர் குரல் முன்போல் இல்லை.

"இறங்கின ஆளோட முகத்துல ஒரு சொட்டு வேர்வை இல்லையாம் மாஸ்டர். அண்ணன் கைய வந்து பாருங்க, இன்னும் தோல் மூடல."

அடுத்த வாரம் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் தனியாக முதல் உச்சிக்குப் போனான். அங்கே யாரும் இல்லை. ராத்திரிப் பனியில் பாறை முழுக்க ஈரம், வழுக்கியது. டிஷ்ஷுக்குப் பக்கத்தில் மட்டும், ஒரு ஆள் உட்கார்கிற அளவுக்கு, காய்ந்திருந்தது. ஒயர்கள் எல்லாவற்றுக்கும் டேப் சுற்றியிருந்தது. டவர் கால்களுக்கும் சுற்றியிருந்தது. இரும்புப் பிடிகளுக்கும். ஒவ்வொன்றிலும் நுனியில் ஒரு மடிப்பு.

அப்போதும் அவன் கேட்கவில்லை. கை உரிய உரிய இறங்கி ஓடி வந்துவிட்டான். அன்றையிலிருந்து வேலைக்குப் போவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

"என்னடா செய்யறதுன்னு கேட்டா, 'நீயும் கேட்டுராதே'ங்கறான். 'பதில் வரலேன்னா என்ன செய்வே?'ன்னு என்னையே திருப்பிக் கேக்கறான். வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம், மாப்பிள்ளை சுறுசுறுப்பாயிட்டாருன்னு. தண்ணி குடுத்தா ஒரே மடக்கு. கேட்டதுக்கெல்லாம் டக்டக்குன்னு பதில். எங்கம்மா கண்ணுபட்டுரும்ங்கறாங்க." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கட்டிக்கப் போறவ நான். யாரைக் கட்டிக்கறேன்னாவது எனக்குத் தெரிய வேணாமா?"

இஸ்திரிப் பெட்டி ஆறும்போது டிக் என்று ஒரு சத்தம் போட்டது. அக்கா துள்ளிவிட்டாள்.

அப்போது வாசலில் வெளிச்சம் விழுந்தது.

அவர்தான். கையில் டார்ச். அன்று வேலை எப்போது முடியும் என்று எங்களுக்கே தெரியாது, பட்டன் அவருக்கு எதுவும் சொல்லவும் இல்லை. வெளியே கேட் கிரீச்சிட்ட சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. டார்ச் கொஞ்சமும் ஆடாமல் இருந்தது. ஈரத்துணி வாசனை போய்விட்டது. வேறொரு வாசனை வந்தது. வெயிலில் சுட்டுப்போன கல்லில் தூறல் விழுந்த வாசனை...

"கிளம்பலாமா?" என்றார்.

பட்டன் எழுந்தாள். மாஸ்டர் அவள் பக்கம் கையை நீட்டினார், ஆனால் தொடவில்லை. அவள் இரண்டடி முன்னால் போய் நின்றாள். பிறகு, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். எங்களைப் பார்த்தபடி, பின்னால் நிற்கிறவரைப் பார்க்காமல், கேட்டாள்.

"இருக்கியா?"

நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காத்திருந்தாள். ஆமைக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தையெல்லாம் கொடுத்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம். அதற்கும் மேலே.

பதில் வரவில்லை.

அவள் தோளுக்கு மேலே எனக்கு வாசல் தெரிந்தது. அவர் குனிந்தார். டார்ச்சை அணைக்காமல் வாசல்படியில் வைத்தார். நிமிர்ந்து, திரும்பி, இருட்டுக்குள் போனார். வெளியே முழுக்கச் சரளைக்கல். பூனை நடந்தாலும் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை.

பட்டனின் முகத்தில் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பல நாளாக அவள் நெற்றியில் இருந்த சுருக்கம் போயிருந்தது. மத்தியானம் மூடி வைத்த டப்பாவை எடுத்துக்கொண்டாள். அதில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. வாசலுக்குப் போய் டார்ச்சைக் கையில் எடுத்தாள்.

"எங்கம்மா போற? விடியட்டும்..." என்றார் மாஸ்டர்.

"மேல மறந்து வெச்சிட்டு வந்த ஆளைக் கூட்டிட்டு வரேன்," என்றாள், திரும்பாமல். நான் ஜன்னலுக்கு ஓடினேன். கேட்டைத் தாண்டினால் அவள் வீடு இடது பக்கம். வெளிச்சம் வலது பக்கம் திரும்பியது, மலை ரோட்டில். கொஞ்ச தூரம் போயிற்று. நின்றது. பின்னால் மெதுவாக நடந்து வரும் யாருக்கோ காத்திருப்பதுபோல, வெகுநேரம் நின்றது. பிறகு, ஒரு வார்த்தை இல்லாமல், மறுபடியும் நகர்ந்து போயிற்று.