அழித்தவற்றின் பட்டியல்

— இந்தப் பத்திரத்துல முன்பக்கம் இருக்கு. பின்பக்கம் எங்கடா?

— பின்பக்கம் எதுக்குக்கா? விஷயமெல்லாம் முன்னாடியேதான இருக்கு.

— கையெழுத்து பின்னாடிடா, மண்டு! நம்ம அப்பா என்னிக்கு ரெண்டாவது தாள் எடுத்திருக்காரு? கல்யாணப் பத்திரிகை முதுகுல கதவு அளவு எழுதின மனுஷன்.

— சரி, ஸ்கேன்ல விட்டுப்போச்சு. அதுக்குன்னு கறுப்புக் கோட்டோட பட்டறைக்கு ஓடி வரணுமா? மரத்தூள் ஒட்டுது பாரு.

— தூளா இப்ப முக்கியம்? மீசை மாமா கேஸ் போட்டிருக்காரு. இன்னிக்கும் அவரு பட்டறையில பாதிப் பங்குதாரராம். விலகல் பத்திரத்துல கையெழுத்தே போடலையாம். ஜெயிச்சாருன்னா ரம்பத்துல பாதி, நீ உக்காந்திருக்கிற நாற்காலியில ரெண்டு கால் அவருக்கு.

— அப்பாவும் அவரும் பிரிஞ்சு பதினோரு வருஷம் ஆச்சேக்கா!

— அதைச் சொல்ல அப்பா இல்லையே. பத்திரம்தான் சொல்லணும். அசலைக் கொண்டா.

— அசலா? அது வந்துக்கா...

— கூரையில என்னடா தேடுற?

— எட்டு அலமாரி காகிதம்க்கா. முழுக்கப் பூச்சி. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டு, மெஷின் வாடகைக்கு எடுத்து நூல் நூலா வெட்டிட்டேன்.

— அட பாவி! பழைய பில்லை வெட்டு, அதுவும் சட்டம் சொன்ன வருஷம் முடிஞ்சப்புறம். கையெழுத்துப் போட்ட பத்திரத்தையா வெட்டுவே? வீட்டுலயே ஒரு வக்கீல் இருக்கேன், ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா?

— கேட்டா நீ ரெண்டு மணி நேரம் பேசுவியேக்கா.

— இப்ப ரெண்டு வருஷம் பேசப்போறேன், ஜட்ஜ் முன்னாடி. அது சரி, இத்தனை வருஷம் கம்முனு இருந்தவரு போன வாரம் திடீர்னு ஏன் கிளம்பினாரு? அசல் போச்சுன்னு யாரு போய் ஓதினது?

— யாரும் ஓதல. வெட்டும்போது கூடவே நின்னாரு.

— கூடவேயா?

— எதிர் வீடுதான, சத்தம் கேட்டு வந்தாரு. ஒத்தையா கஷ்டப்படுறேனேன்னு தாளை எடுத்து எடுத்துக் குடுத்தாரு.

— வாங்க மாமா, கழுத்தை அறுங்கன்னு கத்தியையும் கையில குடுத்திருக்கே!

— திட்டாதக்கா. நானும் முறையாத்தான் செஞ்சேன். எதை அழிச்சோம், என்னிக்கு அழிச்சோம்னு பட்டியல் போடணும், கூட இருந்து பாத்தவங்க கையெழுத்து வாங்கணும்னு போன் வீடியோல ஒருத்தரு சொல்லிக்குடுத்தாரு. இந்தா.

— குடு பாப்போம். நாப்பத்தொண்ணாவது வரி... அப்பா பேரு, மாமா பேரு... ‘மாமா பட்டறையை விட்டு முழுசா விலகின பத்திரம், அசல், ரெண்டு பேர் கையெழுத்தோட.’ கையெழுத்து இருக்குன்னு எழுதத் தெரிஞ்சிருக்கு, அதை ஸ்கேன் பண்ணத் தெரியல! நீயா எழுதி நீயா நீட்டினா ஜட்ஜ் சிரிப்பாரு. ஆமா, ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ கோணல்மாணலா, இது யாரு போட்டது?

— மாமாதான். ‘சீக்கிரம் வெட்டுடா, எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன்’னாரு.