பொழுதுபோக்குச் செலவு

காஞ்சிபுரம் பேருந்தில் என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். பட்டுக்கடையில் புடவை பிரித்துக் காட்டும் வேலையிலிருந்து அந்த அம்மா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். கணவர் மாதச் செலவைப் போனில் தட்டிக்கொண்டிருந்தார். 

“பால், மாத்திரை, கரண்டு பில்லு போட்டாச்சு. பொழுதுபோக்குக்கு ஒண்ணும் மிஞ்சலைம்மா.”

“எனக்கு மாசம் ஒரு நாள் பட்டுக்கடைன்னு போடுங்க!”

“பட்டா? நம்ம வரவுக்கா?”

“வாங்கப்போறது யாரு? பாயில உக்காந்துக்கினு, ‘அதைப் பிரி, இதைப் பிரி’ம்பேன். கலர் புடிக்கலன்னு எழுந்து வந்துடுவேன். எங்கிட்ட எத்தினி பேரு இப்படிப் பண்ணாங்க! பஸ்ஸும் எனக்கு ஃப்ரீ.”

“அடிப்பாவி! அத்தனையும் யாரு மடிக்கிறது?”

அந்த அம்மா சற்று யோசித்தார்.

“பாவங்க, நம்ம கடைப் பொண்ணுங்க. நானே மடிச்சு வச்சிட்டு வந்துடறேன்.”

“அப்ப அது வேலைமா! வரவுல எழுதறேன். சம்பளம் கேட்டு வாங்கியாந்துடு.”